ஆற்றுப் படுகையில் ராஜபாட்டை

வண்டலூரில் தொடங்கி மீஞ்சூரில் முடியும் வெளிவட்டச் சாலையைச் சென்னைவாசிகளில் அறியாதார் இலர். நகரத்துக்கு மேற்கே அரைவட்டமாகச் சுமார் 60 கிலோமீட்டர் தூரம் ஓடும் இம்மாநில நெடுஞ்சாலை, ஆறு தடங்களும் இருமருங்கும் உபசாலைகளும் கொண்டது. வண்டலூர் முதல் நெமிலிச்சேரி வரையுள்ள முதற்பகுதி 2014-ஆம் ஆண்டிலும், அங்கிருந்து மீஞ்சூர் வரையுள்ள இரண்டாம் பகுதி 2021-ஆம் ஆண்டிலும் ஜனங்களின் உபயோகத்துக்கு வந்தன. தென் ஜில்லாக்களிலிருந்து வடசென்னைத் துறைமுகங்களுக்குப் போகும் பார வண்டிகள் நகரத்தின் நடுவே புகுந்து வீதிகளை அடைக்காமல், வெளியோடு வெளியாகப் போய்விட வேண்டும் என்பதே இதன் நோக்கம். நோக்கம் நல்லது; அவசியமானது. இந்தச் சாலையே வேண்டாம் என்று சொல்வது நமது கட்சியன்று.

ஆயினும், எந்தச் சாலையைப் பற்றியும் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டியிருக்கிறது. எந்த ஊரை எந்த ஊரோடு அது சேர்க்கிறது என்பது ஒன்று. எதன் குறுக்கே அது செல்கிறது என்பது மற்றொன்று. முதற்கேள்விக்குச் சர்க்காரும் என்ஜினீயர்களும் தெளிவாக விடையளித்துவிட்டார்கள். இரண்டாவது கேள்வியை யாரும் பொறுப்போடு கேட்கவுமில்லை. கேட்டவர்களுக்கு யாரும் பொறுப்போடு பதில் சொல்லவுமில்லை. அந்தக் கேள்விக்கு மழைதான் இதுவரை மூன்று முறை பதில் சொல்லியிருக்கிறது: 2015-இலும், 2021-இலும், 2023-இலும்.

வெளிவட்டச் சாலை அடையாற்றையும் கூவத்தையும் குறுக்கே கடந்து செல்கிறது. இவற்றில் அடையாற்றைப் பற்றியே இங்கு பேச விரும்புகிறோம். அடையாறு சுமார் 42 கிலோமீட்டர் நீளமே உள்ள சிறு நதி. அதற்கு மலையில்லை, ஊற்றில்லை. ஆதனூர், மண்ணிவாக்கம், மணிமங்கலம், சோமங்கலம் முதலிய ஊர்களின் ஏரிகள் நிரம்பிக் கலங்கல் வழியாக வழியும் உபரி நீரே அதன் பிறப்பு. இவ்வாறு சுமார் 200 ஏரிகளின் நீர் அதில் வந்து சேர்கிறது. ஆதலால், ஆண்டில் பெரும்பகுதி ஓர் ஓடையைப்போல் கிடக்கும் இந்நதி, ஐப்பசி கார்த்திகையில் ஏரிகள் எல்லாம் ஒரே சமயத்தில் நிரம்பி வழியும்போது இருகரையும் புரண்டு முடிச்சூர், வரதராஜபுரம் முதலிய தாழ்நிலங்களில் பரவி நிற்கும். அந்தத் தாழ்நிலமே நதியின் படுகை. வேனிலில் அது வயல். மாரியில் அது ஆறு. இந்த இரட்டைத் தன்மையை நமது முன்னோர் அறிந்திருந்தார்கள். அதனால் அங்கே நெல் விதைத்தார்கள், வீடு கட்டவில்லை. ஊரை மேட்டிலும் வயலைப் பள்ளத்திலும் வைத்தார்கள்.

படுகையில் வெள்ளம் பரவுவது விபத்தன்று, இயற்கையின் ஏற்பாடு. பரவிய நீர் வேகம் தணிகிறது, வண்டலை இறக்குகிறது, மணலில் இறங்கிக் கிணறுகளை ஊறச் செய்கிறது, பிறகு மெல்ல வடிகிறது. மேல்புறத்தில் படுகை ஓரிரு நாள் தாங்கி வைத்துக்கொள்ளும் நீரெல்லாம் கீழ்புறத்தில் சைதாப்பேட்டைக்கும் கோட்டூர்புரத்துக்கும் ஒரே மூச்சில் போய் விழாமல் தடுக்கப்படும் நீர். எனவே முடிச்சூர் வயல்கள் முடிச்சூராருக்கு மட்டும் சோறு போட்டவை அல்ல. கீழேயுள்ள பட்டணத்துக்கும் அவை காவலாக நின்றன.

இத்தகைய நிலத்தின் குறுக்கே உயர்ந்த மண்கரை போட்டு அதன்மேல் சாலை அமைத்தால் என்ன நேரும்? கரையில் திறப்புக்கள் போதுமான அளவில் இருந்தால் சாலை பாலமாக நிற்கும். போதாவிட்டால் அதுவே ஏரிக்கரையாகிவிடும். பாலம் கட்டுவோர் பெரும்பாலும் ஆற்றின் வாய்க்காலையே அளக்கிறார்கள். கோடையில் கண்ணுக்குத் தெரியும் அந்த வாய்க்காலுக்கு வேண்டிய கண்களை விடுகிறார்கள். ஆனால் வெள்ளக் காலத்தில் ஆறு என்பது வாய்க்கால் மாத்திரமன்று. அரை மைல், ஒரு மைல் அகலம் பரவி நகரும் நீர் முழுவதும் ஆறுதான். அவ்வளவு அகலத்தில் வந்த நீரைச் சில பாலக்கண்களுக்குள்ளும் சிறுபாலங்களுக்குள்ளும் புகுந்து போகச் சொன்னால், மேல்புறத்தில் மட்டம் உயரும். கீழ்புறத்தில் வேகம் மிகும். மேற்கே உள்ளவர் தேங்கிய நீரில் தவிப்பார்; கிழக்கே உள்ளவர் பாயும் நீரில் தவிப்பார். இது சித்தாந்தமன்று. வாய்க்காலில் வரப்பு வெட்டிப் பழகிய எந்தக் குடியானவனும் சொல்லக்கூடிய விஷயம்.

2015-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் தேதி நடந்ததை ஜனங்கள் மறந்திருக்கமாட்டார்கள். அன்று தொடங்கிய ஒரு நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கனஅடி நீர் திறந்துவிடப்பட்டது. அடையாற்றின்மேல் ஓடுபாதை கட்டியிருக்கும் சென்னை விமான நிலையம் நீரில் மூழ்கிப் பல நாட்கள் மூடிக் கிடந்தது. நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். பிறகு, 2018-இல் சட்டசபை முன் வைக்கப்பட்ட இந்தியத் தலைமைத் தணிக்கை அதிகாரியின் அறிக்கை, இது மனிதர் விளைவித்த துன்பம் என்றே கூறிற்று.

அந்நாளில் எழுந்த வாதங்களெல்லாம் செம்பரம்பாக்கத்து மதகுகளைச் சுற்றியே நடந்தன. யார் உத்தரவிட்டார், எப்பொழுது திறந்தார், ஏன் முன்னமே திறக்கவில்லை என்பவை நியாயமான கேள்விகளே. ஆனால் அவ்வாதத்தின் இரைச்சலில் ஒரு விஷயம் மறைந்துபோயிற்று. செம்பரம்பாக்கத்து உபரி நீர் அடையாற்றில் வந்து கலப்பது திருநீர்மலை அருகில். முடிச்சூரும் வரதராஜபுரமும் அந்தச் சங்கமத்துக்கு மேலே இருக்கின்றன. அங்கே வீடுகளின் முதல் மாடி வரை ஏறிய நீர் செம்பரம்பாக்கத்திலிருந்து வந்ததன்று. ஆதனூர், மண்ணிவாக்கம், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் நீர். அந்த நீருக்கு மதகு திறந்த அதிகாரி எவருமில்லை. நீர் தன் பழைய படுகைக்குத் திரும்பி வந்தது. வந்த இடத்தில் வீடுகளும், குறுக்கே ஒரு நெடுஞ்சாலையும் இருந்தன. அவ்வளவே.

2015-க்குப் பிறகு ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்வது அநியாயமாகும். ஆற்றின் மேற்பகுதி அகலப்படுத்தப்பட்டது, கரைகள் உயர்த்தப்பட்டன, மூடுகால்வாய்கள் வெட்டப்பட்டன. பணமும் உழைப்பும் செலவாயின. இருந்தும் 2021 நவம்பரில் அதே தெருக்களில் மறுபடியும் படகு ஓடிற்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மூன்றாம் முறையும் ஓடிற்று. ஒரே வீட்டுக்காரன் எட்டு வருஷத்துக்குள் மூன்று முறை தன் அரிசியையும் படுக்கையையும் குழந்தைகளின் புஸ்தகங்களையும் குப்பையில் கொட்டவேண்டி வந்தால், அதைத் தெய்வச் செயல் என்று சொல்லிக் கைகழுவ ஒரு சர்க்காருக்கு உரிமை கிடையாது.

சாலையின் தோஷம் கரையோடு முடிந்திருந்தால் அதற்கு என்ஜினீயர் பரிகாரம் தேடிவிடலாம். அதனினும் பெரிய தோஷம் ஒன்று உண்டு. சாலை, நிலத்தின் விலையை மாற்றிவிடுகிறது. நேற்றுவரை நஞ்சையாகக் கிடந்த படுகை, நெடுஞ்சாலைக்குக் கோடு கிழித்த மறுநாளே மனையாகிறது. கல் நடுகிறார்கள், கொடி கட்டுகிறார்கள், ‘விமான நிலையத்துக்கு இத்தனை நிமிஷம்’ என்று விளம்பரம் செய்கிறார்கள். தைமாதத்தில் காய்ந்து கிடக்கும் மனையைப் பார்த்துவிட்டு, வாழ்நாள் சம்பாத்தியத்தையும் மனைவியின் நகையையும் வைத்து ஒரு குமாஸ்தாவோ பள்ளி உபாத்தியாயரோ அதை வாங்குகிறார். அவர் கையில் பட்டா இருக்கிறது. மனைப்பிரிவு அங்கீகாரம் இருக்கிறது. வீடு கட்ட அனுமதி இருக்கிறது. பாங்கி கடன் இருக்கிறது. இத்தனை முத்திரைகளையும் இட்ட சர்க்கார், கார்த்திகையில் வெள்ளம் வந்ததும் ‘ஆற்றில் வீடு கட்டினால் வேறென்ன நடக்கும்?’ என்று கேட்பது தர்மமா? முத்திரை குத்தியவனுக்குப் பொறுப்பில்லை, முத்திரையை நம்பியவனுக்கே பொறுப்பு என்பது எந்த நாட்டு நியாயம்?

நியாயத்தைப் பற்றிய பேச்சு வந்தபடியால் ஒரு பழைய வழக்கை இங்கே நினைவூட்டுவது பொருந்தும். நமது ராஜதானியில் கார்வேட்டிநகரம் ஜமீனைச் சேர்ந்த ஏரிகள் பெருமழையில் உடைந்து, சென்னை ரயில்வே கம்பெனியின் பாதையையும் பாலங்களையும் சேதப்படுத்தின. கம்பெனி ஜமீன்தார்மேல் நஷ்ட ஈட்டுக்கு வழக்குத் தொடுத்தது. அபாயமான பொருளைத் தன் நிலத்தில் தேக்கி வைத்தவன் அது வெளியேறிச் செய்யும் தீங்குக்குப் பொறுப்பாளி என்ற இங்கிலாந்துச் சட்டத்தை அது ஆதாரமாகக் காட்டிற்று. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று 1874-இல் முடிவாயிற்று. இந்நாட்டு ஏரிகள் ஒருவர் தம் சுகத்துக்காகத் தேக்கிய நீரல்ல. தொன்றுதொட்டு வரும் தேசப் பாசன ஏற்பாட்டின் பகுதி. அவற்றைக் காப்பது ஜமீன்தாருடைய உரிமை மட்டுமன்று, கடமையுமாகும். ஆகையால் அஜாக்கிரதை இல்லாதவிடத்து அவர் பொறுப்பாளியல்லர் என்று நீதிபதிகள் தீர்த்தார்கள். கம்பெனி தோற்றது.

அந்நிய ராஜ்யம் உச்சத்தில் இருந்த காலம் அது. ரயில்வே அந்த ராஜ்யத்தின் செல்லப்பிள்ளை. அந்தக் காலத்திலும், அந்நிய நீதிஸ்தலத்திலும், பாதையைவிட ஏரி முந்தியது என்ற உண்மை ஒப்புக்கொள்ளப்பட்டது. ஏரி நீரின் வழியில் பாதை போடுகிறவன் அந்த நீரை உத்தேசித்தே போடவேண்டும் என்பதே அத்தீர்ப்பிலிருந்து நாம் கொள்ளும் பாடம். நம்மை நாமே ஆளும் இக்காலத்தில், நமது சொந்த நெடுஞ்சாலைத் துறை நமது சொந்த ஏரிகளுக்கு அந்த மரியாதையாவது காட்டவேண்டாமா?

சுதந்திர இந்தியாவின் சட்டமும் இவ்விஷயத்தில் ஊமையன்று. நதிகளையும் அவற்றின் கரைகளையும் சர்க்கார் ஜனங்களுக்காகத் தர்மகர்த்தா நிலையில் வைத்திருக்கிறதே அன்றி, இஷ்டம்போல் கொடுப்பதற்கு உரிய சொத்தாக வைத்திருக்கவில்லை என்று 1996-இல் பியாஸ் நதிக்கரை விடுதி வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. ஏரிகளைக் காக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் தமிழ்நாட்டுச் சட்டசபை 2007-இல் ஒரு சட்டம் செய்தது. ஆனால் அந்தச் சட்டம் ஏரிகளைப் பற்றியது. முடிச்சூர்ப் படுகையில் பெரும்பகுதி ஏரியுமல்ல, புறம்போக்குமல்ல; பட்டா நிலம். பட்டாதாரரை ஆக்கிரமிப்பாளர் என்று சொல்ல முடியாது. ஆகவே, ஆற்றின் வெள்ளப்பரப்பு எது, அதில் எதைக் கட்டலாம், எதைக் கட்டலாகாது என்று வரையறுக்கும் தனிச் சட்டமே இங்கு வேண்டியது.

அத்தகைய சட்டத்துக்கு மாதிரி மசோதா ஒன்றை மத்திய சர்க்கார் 1975-லேயே எல்லா மாகாணங்களுக்கும் அனுப்பி வைத்தது. சின்னஞ்சிறு மணிப்பூர் 1978-இல் அதைச் சட்டமாக்கிற்று. பாலைவனம் நிறைந்த ராஜஸ்தான் 1990-இல் செய்தது. மகாராஷ்டிரத்தில் இருபத்தைந்து வருஷத்துக்கு ஒருமுறை வரும் வெள்ளத்துக்கு நீலக்கோடும், நூறு வருஷத்துக்கு ஒருமுறை வரும் வெள்ளத்துக்குச் சிவப்புக்கோடும் ஆற்றோரங்களில் குறிக்கும் முறை உண்டு. ஏரிப் பாசனத்தில் உலகுக்கு ஆசிரியனாக இருந்த தமிழ்நாடோ, அப்படியொரு சட்டமின்றியே 2015-ஐச் சந்தித்தது.

ஆசிரியன் என்று நாம் சொல்வது வெறும் புகழ்ச்சியன்று. இதே பழைய செங்கற்பட்டு ஜில்லாவில், இந்த அடையாற்றுப் படுகைக்கு வெகுதூரமல்லாத உத்தரமேரூரில், முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுக்கள் இருக்கின்றன. 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்த அவற்றில், குடவோலையால் தேர்ந்தெடுக்கப்படும் வாரியங்களுள் ஏரி வாரியமும் ஒன்றாகச் சொல்லப்படுகிறது. ஆயிரத்து நூறு வருஷங்களுக்கு முன் ஏரியைக் கவனிக்க ஊரார் ஆண்டுதோறும் ஆட்களைத் தேர்ந்தெடுத்தார்கள். இன்று ஏரி ஒரு துறை, ஆறு ஒரு துறை, சாலை வேறொரு துறை, மனை அங்கீகாரம் மற்றொரு குழுமம், தெருச் சாக்கடை பஞ்சாயத்து என்று நீரை ஐந்து கூறாகப் பங்கு போட்டிருக்கிறோம். வெள்ளம் மட்டும் பிரியாமல் ஒன்றாகவே வருகிறது.

பழங்காலமெல்லாம் பொற்காலம், தவறெல்லாம் இன்றையது என்று நாம் வாதிக்கவில்லை. மாம்பலத்து நெடிய ஏரியைத் தூர்த்துத் தியாகராயநகரை உண்டாக்கியது 1920-களில். நுங்கம்பாக்கத்து ஏரி போன இடம் பெயரளவில்தான் தெரிகிறது. ஏரியை விற்றுத் தெரு வாங்குவது சென்னையின் நூறு வருஷத்து வழக்கம். ஆனால் அந்நாளில் நீர் போவதற்கு வேறு வெளியிருந்தது. இன்று அந்த வெளியும் முடிந்துவிட்டது. கடைசி வெளிதான் வெளிவட்டச் சாலையோரம் மிஞ்சியிருக்கும் படுகைகள். அச்சாலையை ஒட்டிய நிலத்தைப் பெரிய ‘வளர்ச்சி வழித்தடம்’ ஆக்கவேண்டும் என்ற ஆலோசனை இப்பொழுது பேசப்படுகிறது. மேட்டு நிலத்தில் அது நடக்கட்டும், நமக்கு ஆட்சேபமில்லை. படுகையிலும் நடக்குமானால், அடுத்த வெள்ளத்துக்கு இன்றே அழைப்பிதழ் அச்சிடுகிறோம் என்று பொருள்.

இன்னொரு அநீதியையும் சொல்லாமலிருக்க முடியாது. 2015-க்குப் பின் ‘ஆக்கிரமிப்பு அகற்றுதல்’ என்ற பெயரால் முதலில் பெயர்க்கப்பட்டவர்கள் அடையாற்றின் ஓரத்தில் குடிசை போட்டிருந்த ஏழைகள். அவர்களில் பலர் கொண்டுபோய் வைக்கப்பட்ட இடம் பெரும்பாக்கம். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடுத்த, தானும் மழைக்காலத்தில் நீர் சூழும் இடம். ஓர் ஆற்றின் வெள்ளத்திலிருந்து காப்பதாகச் சொல்லி மற்றொரு நீர்நிலையின் விளிம்பில் விட்டார்கள். ஆற்றின் மேலேயே ஓடுபாதை போட்டவர்களை எவரும் பெயர்க்கவில்லை. கல்லூரிகளும் மாளிகைகளும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. நதியின் உரிமையை நிலைநாட்டுவது எளியவனிடம் மட்டும் செல்லும் வீரமாகிவிட்டால், அந்தக் காரியத்தில் ஜனங்களுக்கு நம்பிக்கை போய்விடும்.

ஆகவே, செய்யவேண்டியவை யாவை? நான்கு காரியங்களைச் சொல்லுகிறோம்.

முதலாவது, வெளிவட்டச் சாலை அடையாற்றுப் படுகையைக் கடக்கும் பகுதி முழுவதிலும், ஒவ்வொரு பாலக்கண்ணும் சிறுபாலமும் 2015 வெள்ளத்தின் அளவுக்குப் போதுமா என்பதைச் சாலைத்துறையைச் சாராத நிபுணர்களைக் கொண்டு ஆராய்ந்து, அறிக்கையைத் தமிழில் வெளியிடவேண்டும். போதாத இடத்தில் கரையை வெட்டி மேம்பாலமாக்க வேண்டும். செலவு அதிகந்தான். மூன்று வெள்ளங்களில் ஜனங்கள் இழந்ததைக் கூட்டிப் பார்த்தால் அது அதிகமாகத் தோன்றாது.

இரண்டாவது, 2015-ஆம் ஆண்டு நீர் நின்ற எல்லையில் கல் நட்டு, சர்வேப் படத்திலும் பத்திரப் பதிவிலும் அதைக் குறிக்கவேண்டும். அந்த எல்லைக்குள் இனிப் புதிய மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் கிடையாது என்று சட்டம் செய்யவேண்டும். வயலாக வைத்திருக்கும் குடியானவனுக்கு, வெள்ளத்தைத் தாங்கும் அந்த நிலத்துக்காக ஆண்டுதோறும் ஒரு தொகை கொடுப்பதும் நியாயமே. பட்டணத்தைக் காக்கும் நிலத்துக்குப் பட்டணம் கூலி கொடுக்கட்டும்.

மூன்றாவது, ஏற்கெனவே அனுமதி பெற்று வீடு கட்டியவர்களை ஏமாற்றப்பட்டவர்களாகக் கருதவேண்டும், குற்றவாளிகளாக அல்ல. போக விரும்புகிறவர்களுக்குச் சந்தை விலையில் நஷ்ட ஈடும் அருகிலேயே மேட்டு நிலமும் கொடுக்கவேண்டும். இருப்பவர்களுக்கு வடிகாலும் முன்னெச்சரிக்கையும் வேண்டும். ஹாலந்து தேசத்தில் 1995-இல் வெள்ள பயத்தால் இரண்டரை லட்சம் பேர் வீட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. கரையைக் கட்டுவதில் உலகத்துக்கே கைகாட்டியான அந்நாட்டார் அதன்பின் செய்தது என்ன? முப்பதுக்கு மேற்பட்ட இடங்களில் கரையைப் பின்னுக்குத் தள்ளியும் படுகையைத் தாழ்த்தியும் ஆற்றுக்கு இடம் விட்டார்கள். குடிகளோடு பேசி, ஈடு கொடுத்து அதைச் செய்தார்கள்.

நான்காவது, ஆதனூர் முதல் சோமங்கலம் வரையுள்ள ஏரிகளைத் தூர்வாரி, வரத்துக் கால்வாய்களையும் கலங்கல்களையும் மீட்கவேண்டும். வெள்ளத்துக்கு மட்டுமன்று, வறட்சிக்கும் இது மருந்து. 2015-இல் மூழ்கிய இதே நகரம் 2019 கோடையில் செம்பரம்பாக்கம் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வரவழைத்துக் குடித்தது. நாலு வருஷத்துக்குள் ஒரே ஊர் நீரில் மூழ்குவதும் நீருக்கு ஏங்குவதும் நீர் குறைந்ததால் வந்த வினையல்ல. நீர் தங்க இடம் குறைந்ததால் வந்த வினை.

சர்க்கார் தானாக இவற்றைச் செய்யும் என்று நாம் எதிர்பார்க்கவில்லை. எந்தச் சர்க்காரும் தானாகச் செய்ததில்லை. முடிச்சூர், வரதராஜபுரம், மண்ணிவாக்கம் வாலிபர்களுக்கு ஒரு யோசனை சொல்லுகிறோம். மூன்று வெள்ளங்களிலும் நீர் எவ்வளவு உயரம் நின்றது என்பதை வீட்டுக்கு வீடு அளந்து, ஊர்ப்படத்தில் குறியுங்கள். 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின்படி, சாலையின் பாலங்கள் எந்த அளவு வெள்ளத்தை உத்தேசித்துக் கட்டப்பட்டன என்று மனுப்போட்டுக் கேளுங்கள். வருகிற அக்டோபர் 2-ஆம் தேதி கிராமசபை கூடும்போது, படுகையில் இனி ஒரு மனைக்கும் அனுமதி கூடாது என்று தீர்மானம் கொண்டுவாருங்கள். மனை வியாபாரிகள் எதிர்ப்பார்கள்; ஊரில் செல்வாக்குள்ளவர் சிலர் அவர்களோடு சேர்வார்கள். வெள்ளத்தில் மாடியேறி நின்றவர்கள் ஊரில் அவர்களைவிட அதிகம். அவர்கள் கை தூக்கினால் தீர்மானம் நிறைவேறும்.

அக்டோபர் மூன்றாம் வாரத்தில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். அதற்குமுன் தீர்மானம் கையில் இருக்கட்டும்.